மூட் போர்டு பிரமாதம், உடை ஏன் சரியாக வரவில்லை?

ஃபேஷன் டிசைன் மாணவர்களின் இறுதியாண்டுக் கண்காட்சிகளில் ஒரு விஷயத்தை அடிக்கடி பார்க்கலாம். சுவரில் மாட்டிய மூட் போர்டு, அதாவது தூண்டுதலான படங்களையும் நிறங்களையும் ஒட்டிய பலகை, அசத்தலாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் உடைக்கும் அதற்கும் உள்ள ஒரே சம்பந்தம் ஒரு அச்சுப் படம்தான். கோபுரம் பிடித்ததா, முதுகில் ஒரு கோபுரம். கோலம் பிடித்ததா, பாவாடை முழுக்கக் கோலம். எடுத்துக்கொண்ட விஷயம் உடையின் கட்டிங்குக்குள் போகவே இல்லை. மற்ற பல தவறுகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

1965-ல் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோரான் செய்த மோந்திரியான் உடைகளை ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் காட்டுவார்கள். ஓவியர் மோந்திரியானின் கட்டங்களைத் துணியில் அச்சடித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நிறக் கட்டமும் தனியாக வெட்டி இணைத்த கம்பளி ஜெர்சித் துண்டு. உடம்பின் வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட் எல்லாம் அந்த இணைப்புத் தையல்களுக்குள் ஒளிந்துகொண்டன. ஓவியத்தின் கோடே தையல் கோடாகிவிட்டது.

நம் ஊர் உதாரணமாக, ஒரே இழையில் போடும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு அறுபடாமல் புள்ளிகளைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்வதுதான் அதன் சிறப்பு. டிஜிட்டல் பிரிண்டில் இது வெறும் டிசைன். மெல்லிய கயிறு ஒன்றை எங்கும் வெட்டாமல் துணிமேல் வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டு போனால், கோலம் போடும் கையின் ஓட்டம் உடையில் தெரியும். வேலை கூடுதல்தான், ஆனால் பார்க்கிறவர்கள் கிட்டே வந்து பார்ப்பார்கள்.

கோபுரம், கடல், பாட்டியின் நகைப்பெட்டி என்று மூன்றையும் ஒரே உடையில் திணிப்பதும் சகஜம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த உடைக்கு விட்டுவிடுங்கள். எடுத்த ஒன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். சோழர் காலத்து வேட்டிக் கட்டு பற்றிச் செய்வதாக இருந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைச் சுற்றி வந்து, பின்பக்கம் மடிப்பு எப்படி விழுகிறது என்று வரைந்துகொள்ளலாம். போனில் சேமித்த படத்தில் பின்பக்கம் இருக்காது.

அடுத்தது, பட்டுச் சேலையை வெட்டிக் கவுன் தைப்பது. இதில் சொதப்பல் ஏராளம், விலையும் அதிகம். சேலையின் பார்டர் பாவு நூல் ஓடும் திசையில், நீளவாக்கில் போகிறது. பார்டர் உங்கள் உடையின் கீழ்விளிம்பில் வர வேண்டும் என்றால், துணியைக் குறுக்கே திருப்பித்தான் வெட்ட வேண்டும். அப்போது உடையின் உயரம் சேலையின் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். சேலை அகலம் சுமார் 46 முதல் 48 அங்குலம். தோளிலிருந்து தரை வரை வேண்டிய உயரத்துக்கு இது போதாது. இந்தக் கணக்கைப் போடாமல் கத்திரியை வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் இடுப்பில் சம்பந்தமில்லாத ஒரு துணியை ஒட்டுப் போடுவார்கள். யோக்கை, அதாவது தோளை ஒட்டிய மேல்பகுதியை, முந்தியில் வெட்டலாம் என்று முன்பே முடிவு செய்திருந்தால் அதுவே டிசைனாகியிருக்கும்.

இன்னொன்று, அம்ப்ரெல்லா கட். அதன் கீழ்விளிம்பு வட்டம், சேலை பார்டரோ நேர்கோடு. பார்டரைத் தனியே வெட்டி வளைவில் வைத்துத் தைத்தால், ஜரிகை விறைப்பாக இருப்பதால் சுருக்கம் விழும், எவ்வளவு அயர்ன் போட்டாலும் போகாது. நம் பட்டுப் பாவாடையைப் பாருங்கள்: நேர்த்துணி, இடுப்பில் கொசுவம், பார்டர் பிசகாமல் சுற்றி வருகிறது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிட உள்ளே மடித்துத் தைத்த ஒரு டக் வேறு. பாரம்பரியத்திலிருந்து எடுக்கிறேன் என்பவர்கள் அதன் நிறத்தை எடுக்கிறார்கள், இந்த அறிவை எடுப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். அதனால் 9 அல்லது 11-ஆம் நம்பர் ஊசியோடு, முதலில் சின்னத் துண்டில் தைத்துப் பாருங்கள். முழு உடையைக் காடா துணியில் ஒருமுறை தைத்துப் பார்ப்பதும் அவசியம். ஆனால் உடை ஜார்ஜெட்டில் வரப்போகிறது என்றால் காடாவில் பார்த்துப் பயனில்லை. விழும் விதமே வேறு. அதே எடையில், அதே நெகிழ்வில் ஒரு மலிவுத் துணியைத் தேடுங்கள். தைத்ததைப் பொம்மைக்கு மட்டும் மாட்டிவிட்டுத் திருப்திப்படாமல், ஒரு ஆளுக்குப் போட்டு உட்காரச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். கை இணையும் ஆர்ம்ஹோல் சரியில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

கைத்தறிப் பருத்தியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள். நூற்றுக்கு ஐந்து சுருங்கினால்கூட 110 செ.மீ. குர்த்தாவில் ஐந்தரை செ.மீ. போய்விடும். சுங்குடியில் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்துப் பாருங்கள். மூலைவாட்டில், அதாவது பயாஸில் வெட்டிய உடையை ஓர் இரவாவது தொங்கவிட்டு, துணி இறங்கிய பிறகே கீழ்விளிம்பை மடியுங்கள். பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது உள்ளே விடுங்கள். தெருமுனை டெய்லர் பிளவுஸுக்கு விடுகிற துணியை, பட்டப்படிப்பு படிக்கிறவர்கள் விடுவதில்லை!

கைவேலைக்கு நேரக் கணக்கு முக்கியம். முதலில் பத்துக்குப் பத்து செ.மீ. சதுரம் ஒன்றைப் போட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் என்றால், 40-க்கு 50 செ.மீ. முதுகுப் பகுதிக்கு 40 மணி நேரம். அது முடியாதென்றால் வேலையை அவசரமாக முடிப்பதைவிடப் பரப்பைக் குறைப்பது நல்லது. கழுத்தோரம் மட்டும் நேர்த்தியாக இருந்தால் போதும்.

கடைசியாக, யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவது. 2025 ஜூனில் மிலானில் நடந்த காட்சியில் பிராடா நிறுவனம் காட்டிய தோல் செருப்பு கோலாப்பூர் செருப்பைப்போலவே இருந்தது. பெயர் சொல்லவில்லை என்று எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையே தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டார்கள். மாணவர்களுக்கும் இது பொருந்தும். நீலகிரித் தோடர்கள் போர்த்தும் பூத்குளி என்ற போர்வையில் வரும் சிவப்பு, கறுப்பு வேலைப்பாடு, வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடுவது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதே வடிவத்தைக் கம்ப்யூட்டர் மெஷினில் ஓட்டிவிட்டுத் ‘தோடா எம்ப்ராய்டரி’ என்று அட்டை வைப்பது பொய், சட்டப்படியும் வம்பு. போர்ட்ஃபோலியோவில் எந்த ஊர், எந்தச் சமூகம், எந்த முறை, அதில் நீங்கள் மாற்றியது என்ன என்று நாலு வரி எழுதுங்கள். உங்களுக்காக நெய்து கொடுத்தவரோ ஆரி வேலை செய்து கொடுத்தவரோ இருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரும் உங்கள் பெயர் இருக்கும் அதே பக்கத்தில் வரட்டும்.