2026 ஃபார்முலா 1 காரைப் பற்றி வாதிடுவதற்கு முன்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஞாயிறு மாலை நண்பர்களோடு பந்தயம் பார்க்கிறவர்கள், 2026 விதிகளைப் பற்றிப் பேசுமுன் அளவுகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. களத்துமேட்டில் கயிறு பிடித்து, அச்சுகளுக்கு இடையே 3.4 மீட்டர், அகலம் 1.9 மீட்டர் என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய காரின் 3.6, 2.0 மீட்டர் கோடுகளையும் அதன்மேல் வரைந்தால், கார் சிறுத்துவிட்டது என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்பது விளங்கும். என் கண்ணுக்கு அது இன்னமும் பெரிய வண்டிதான்.

அடுத்தது எஞ்சின், ரசிகர்களின் சண்டை பெரும்பாலும் இங்கேதான். மின்மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக உயர்வதால், மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரமாகிறது. ஆகவே நேர்ப்பாதையின் முடிவில் கார் வேகம் இழந்தால், ஓட்டுநரைக் குறை சொல்லுமுன் பேட்டரியில் மிச்சம் இருந்ததா என்று கேளுங்கள். துரத்தும் கார் மட்டும் பின் இறக்கையின் தகட்டைத் திறந்து காற்றுத்தடையைக் குறைக்கும் டிஆர்எஸ் முறை இனி இல்லை. குறித்த நேர்ப்பாதைகளில் எல்லாக் கார்களும் இறக்கைகளைத் திறக்கலாம். ஒரு வினாடிக்குள் துரத்துபவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும்.

கூட்டணிகளை எடைபோடும்போது காரின் வண்ணத்தை விட்டுவிட்டு, எஞ்சினைச் செய்பவரைக் கவனியுங்கள். ரெட் புல் அணி, ஃபோர்டின் துணையோடு தானே செய்கிறது. ஹோண்டா, ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குத் தருகிறது. சாபர் அணியை வாங்கிய ஆடி கார் நிறுவனமும் சொந்த எஞ்சினோடு வருகிறது. புதிய அணியான கேடிலாக் ஃபெராரியிடம் வாங்குகிறது. தொடக்கப் பந்தயங்களிலேயே யாரையும் ஒதுக்கிவிட வேண்டாம்; எஞ்சின் திறனில் பின்தங்கும் நிறுவனத்துக்குக் கூடுதல் மேம்பாட்டு வாய்ப்பை விதியே தருகிறது.