எப்போதாவது பயன்படும் இங்க்ஜெட் பிரிண்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

மாதக்கணக்கில் சும்மா கிடந்த இங்க்ஜெட்டை அவசரத்துக்கு ஆன் செய்தால் தாள் வெள்ளையாக வரும், இல்லையென்றால் கோடு கோடாக வரும். பலரும் உடனே புது கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். மை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், உங்கள் பிரிண்டரில் ஹெட், அதாவது தாளில் மையைத் தெறிக்கும் பாகம், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

1. ஹெட் எங்கே?

மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜ்களை எண்ணுங்கள். கறுப்பு ஒன்று, மூன்று நிறமும் சேர்ந்தது ஒன்று என இரண்டே இருந்தால் ஹெட் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியிருக்கும். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் செம்பு நிறப் புள்ளிகள், அடியில் சின்னத் தகடு. மை தெறிக்கும் நுண்ணிய துளைகளான நாசில்கள் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. ஹெச்பி டெஸ்க்ஜெட் மாடல்கள் பலவும் கேனான் பிக்ஸ்மாவின் விலை குறைந்த மாடல்களும் இந்த வகை. கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும் என்பதால், அடைப்பை நினைத்து இந்தப் பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

நிறத்துக்கு ஒன்றாக நான்கு கார்ட்ரிட்ஜ் இருந்தால் ஹெட் தனியாகப் பிரிண்டருக்குள் இருக்கும். எப்சன், பிரதர் இரண்டிலும் அது நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, கையால் கழற்ற முடியாது. கார்ட்ரிட்ஜுக்குப் பதில் பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர்களிலும் இதே வித்தியாசம் உண்டு. கேனான் ஜி வரிசையிலும் ஹெச்பி ஸ்மார்ட் டேங்கிலும் ஹெட்டை நாமே மாற்றும் மாடல்கள் பல இருக்கின்றன. எப்சன் ஈகோடேங்கில் ஹெட் போனால் சர்வீஸ் சென்டர்தான்.

2. கோளாறு மையில்தானா?

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, பிரிண்டரின் காப்பி பட்டனை அழுத்தி ஒரு தாள் எடுங்கள். அது நன்றாக வந்தால் சிக்கல் டிரைவரிலோ வைஃபையிலோ இருக்கிறது. ரவுட்டர் மாற்றியபின் பிரிண்டர் "செத்துப்போவது" சகஜம். பழைய பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் மட்டும் இணையும். யூஎஸ்பி கேபிளைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். தாள் உள்ளே இழுபடவில்லை என்றால், ரப்பர் உருளையை ஈரத்துணியால் சுற்றிலும் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும்.

3. நாசில் செக்

பிரிண்டர் மெனுவில் இரண்டு வசதிகள் இருக்கும்: சோதனைக் கோடுகளை அச்சடிக்கும் நாசில் செக், ஹெட் வழியே மையை இழுத்து அடைப்பை நீக்கும் கிளீனிங். கிளீனிங்குக்கு முன்பே ஒரு நாசில் செக் எடுத்து, தாளில் 1 என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிளீனிங்குக்குப் பிறகும் இன்னொன்று எடுத்து 2, 3 என்று எண் போடுங்கள். முதல் தாளைக் குப்பையில் போட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. விடுபட்ட கோடுகள் குறைந்துகொண்டே வந்தால் அடைப்பு கரைகிறது, தொடரலாம். ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு இடத்தில் விடுபட்டால் மை வரும் வழியில் காற்று புகுந்திருக்கிறது. அதே கோடுகள் அதே இடத்தில் விடுபட்டுக்கொண்டே இருந்தால், மை இறுகியிருக்கிறது அல்லது அந்த நாசில்கள் மின்சார ரீதியாகச் செத்துவிட்டன. மையைச் சூடாக்கித் தெறிக்கவைக்கும் ஹெச்பி, கேனான் ஹெட்டுகளில், மை தீர்ந்தபின்னும் அச்சடித்தால் இப்படி எரிந்துபோகும். ஊறவைத்தாலும் அது திரும்பாது.

கிளீனிங் அதிகபட்சம் இரண்டு மூன்று முறைதான். பிறகு ஓர் இரவு அப்படியே விடுங்கள். கிளீனிங் மை முழுவதும் பிரிண்டரின் அடியிலுள்ள கழிவு மை பஞ்சுக்கோ, சில மாடல்களில் அதற்கான தனிப் பெட்டிக்கோதான் போகிறது. பத்து முறை ஓட்டினால் டேங்கும் காலியாகும், பஞ்சும் நிரம்பும்.

4. கிளீனிங் உண்மையில் வேலை செய்கிறதா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஹெட் ஓய்வெடுக்கும் இடத்தில் ரப்பர் விளிம்போடு ஒரு சின்னத் தொட்டி இருக்கும். கிளீனிங் நடக்கும்போது அந்த விளிம்பு ஹெட்டோடு ஒட்டிக்கொள்ள, கீழே உள்ள பம்ப் மையை உறிஞ்சும். விளிம்பில் மை காய்ந்து மேடுதட்டியிருந்தால் காற்று புகுந்துவிடும். ஓட்டை விழுந்த உறிஞ்சு குழலால் இளநீர் குடிப்பதுபோல, எத்தனை கிளீனிங் ஓட்டினாலும் காற்றுதான் வரும். ஹெட் போய்விட்டது என்று நாம் பிரிண்டரைத் தூக்கிப் போடுவோம்.

சோதிக்கும் முறை: கிளீனிங்கைத் தொடங்கி, ஹெட் நடுவுக்கு நகரும் நொடியில் பிளக்கை உருவுங்கள். இப்போது ஹெட் கையால் மெல்ல நகரும். சிரிஞ்சால் அந்தத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். தொட்டி நிறைந்தால் போதும், வழியக்கூடாது. ஹெட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, பிளக்கைச் செருகி ஒரு கிளீனிங் ஓட்டி, மீண்டும் அதேபோல் திறந்து பாருங்கள்.

தண்ணீர் காணாமல் போயிருந்தால் பம்ப் நலம். அப்படியே நின்றால் குழாயில் அடைப்பு. நனைத்த பஞ்சுக்குச்சியால் விளிம்பைச் சுற்றிலும் துடைத்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஊறவைத்து மீண்டும் சோதியுங்கள். பம்ப் சரியாகி, நாசில்கள் மட்டும் அடைத்திருந்தால், தொட்டியில் தண்ணீரோடு ஹெட்டை அதன்மேல் நிறுத்தி ஓர் இரவு விடுங்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு நாசிலில் படியும். நாசிலுக்குள் சிரிஞ்சால் அழுத்தித் தண்ணீர் ஏற்றும் வித்தையும் வேண்டாம். ஹெட் உள்ளுக்குள் கிழிந்து நிறங்கள் கலந்துவிடும்.

ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருந்தால் இத்தனை பாடு இல்லை. நூல் பிரியாத துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, தகட்டை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் துணியில் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். செம்புப் புள்ளிகளை வேறு துணியால் துடையுங்கள்.

5. முடிவு

கார்ட்ரிட்ஜோடு ஹெட் வரும் பிரிண்டர் என்றால், அடைத்தது கறுப்பா கலரா என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள். ஒரு செட் கார்ட்ரிட்ஜ் புதுப் பிரிண்டர் விலையை நெருங்கினால் மட்டும் யோசியுங்கள். புதுப் பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜில் மை குறைவாகவே இருப்பது வழக்கம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஹெட் நிரந்தரமானது, பம்ப் நன்றாக இருக்கிறது, இரண்டு இரவு ஊறவைத்தும் அதே கோடுகள் விடுபடுகின்றன என்றால் விட்டுவிடுங்கள். சர்வீஸில் ஹெட் மாற்றும் செலவு புதுப் பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால், மாதம் நாலு தாள் எடுப்பவருக்கு அது வீண். ஸ்கேனர் வேலை செய்தால் பிரிண்டரை ஸ்கேனராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மை இல்லாமல் ஸ்கேன் செய்யவும் மறுக்கும் மாடல்கள் உண்டு.

மாற்றுவதென்றால், எழுத்து மட்டும் அச்சடிப்பவர்கள் மீண்டும் இங்க்ஜெட் பக்கமே போகாதீர்கள். கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். டோனர் காய்ந்த பொடி, ஆறு மாதம் கிடந்தாலும் உலர்வதற்கு ஒன்றுமில்லை. போட்டோ அச்சிட வேண்டும் என்றால் இங்க்ஜெட்தான், ஆனால் ஹெட்டை நாமே மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். அரிதாகப் பயன்படுத்துபவருக்கு டேங்க் பிரிண்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். மை மலிவு என்பதன் பலன் நிறைய அச்சடிப்பவருக்குத்தான்.

பின்சேர்க்கை: இடறும் சில இடங்கள்

எல்லா நிறமும் வந்தும் "மை பேட் (கழிவு மை பஞ்சு) ஆயுள் முடிந்தது" என்ற செய்தி வந்தால், ஹெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழிவு மையை எண்ணும் கவுன்ட்டர் எல்லையைத் தொட்டுவிட்டது. கழிவு மையைப் பிடிக்கும், கழற்றக்கூடிய மெயின்டனன்ஸ் பாக்ஸ் உள்ள மாடலில் அதை மாற்றினால் போதும். மற்றவற்றில் பஞ்சை மாற்றியபிறகே கவுன்ட்டரை ரீசெட் செய்யுங்கள். வெறும் ரீசெட் செய்தால் மை ஒரு நாள் மேசையில் வழியும்.

புது கார்ட்ரிட்ஜ் போட்டும் ஒரு நிறம் துளிகூட வரவில்லையா? காற்றுத்துளையை மூடிய டேப்பை முழுதாக உரித்தீர்களா என்று பாருங்கள். பெட்டியின் மீதுள்ள தேதியையும் பாருங்கள்.

சரியாகிவிட்ட பிரிண்டரை வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்றை அச்சடித்து ஓட்டுங்கள். அணைக்கும்போது எப்போதும் பிரிண்டரின் பவர் பட்டனையே அழுத்தி, விளக்கு அணைந்த பிறகே சுவர் சுவிட்சைத் தொடுங்கள். அச்சடித்துக்கொண்டிருக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் அந்த ரப்பர் தொட்டிக்குத் திரும்பாமல் வழியிலேயே நின்று காயும்.