புதிய கோவில் மணி: பங்கு மக்கள் தவறும் இடங்கள்

மணிக்குக் காசு கேட்டால் கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்துவிடும். மணியில் பெயர் பொறிக்கலாம் அல்லவா? அதைத் தாங்கும் உத்திரத்தில் யாருடைய பெயரும் வராது, அதனால் அதற்கு உபயகாரரும் இல்லை. வன்னியின் கத்தோலிக்கப் பங்குகளில் மணி வாங்கும்போது நேரும் பெரிய தவறு இதுதான்: முதலில் மணி, பிறகு கோபுரத்தைப் பற்றிய யோசனை.

பக்கத்துப் பங்கின் மணியைவிடப் பெரிதாக வேண்டும் என்ற ஆசைக்கு மருந்தில்லை. கணக்கு மட்டும் உண்டு. ஒரே வடிவ மணியின் விட்டம் கால் பங்கு கூடினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எடையைத் தாங்கினால் போதும் என்று மேசன் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. ஆடும் மணி சுவரைப் பக்கவாட்டிலும் மாறி மாறித் தள்ளும். ஷெல் வீச்சில் அதிர்ந்து, வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைத்த கோபுரமானால் பொறியியலாளர் பார்க்காமல் எதையும் தொங்கவிடக் கூடாது. மணியை அசையாமல் பொருத்தி நாக்கை மட்டும் இழுத்து அடிப்பது, அல்லது முற்றத்தில் தனி மணித்தூண் கட்டுவது, இரண்டிலும் குறைவு ஒன்றுமில்லை.

நாக்கை இழுத்து அடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. கயிற்றை இழுத்தபடி நாக்கை மணியோடு அழுத்திப் பிடித்தால் காலப்போக்கில் மணியில் வெடிப்பு விழும். தட்டியதும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். திருநாள் உற்சாகத்தில் இரும்புக் கம்பியால் அடிக்கும் இளைஞர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உலோகம் ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலமாக இருக்கட்டும். பித்தளை மலிவு, ஓசையும் மலிவு. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களில் உப்புக்காற்று மணியை விட்டுவிட்டு ஆணியைத் தின்னும். பொருத்தும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காக வேண்டும்.

பழைய மணி இருந்தால் புதியதைத் தருவிக்கும் முன் அதன் சுரத்தை அளந்து வார்ப்பகத்துக்கு அனுப்புங்கள். தனித்தனியே இனிமையான இரண்டு மணிகள் சேர்ந்தால் சண்டை போடக்கூடும். வெடித்த மணியைச் சாதாரண ஒட்டுவேலைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். பழைய இரும்புக்காரருக்கு விற்பது அதைவிட மோசம். உருக்கி மீண்டும் வார்க்கலாம்; வார்க்கும் முன் அதன் எழுத்துகளைப் படம் எடுத்து வையுங்கள்.

எழுத்து என்றதும் ஒன்று. தமிழ் தெரியாத வார்ப்பகத்தின் கணினியில் புள்ளி காணாமற் போகும், கொம்பு இடம் மாறும். வாசகத்தை வரைபடமாகவே அனுப்பி, அச்சு செய்வதற்கு முன் படம் கேட்டுப் பாருங்கள். இரு புனிதர்களின் பெயர் கொண்ட ஆலயமானால் இராயப்பர், சின்னப்பர் என்ற பழைய வழக்கா, அதே இருவரைக் குறிக்கும் பேதுரு, பவுல் என்ற வழக்கா என்பதை அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். வார்த்த பின் திருத்த இடமில்லை.

ஆயர் இல்லத்தின் அனுமதியையும் முன்பே பெறுங்கள்: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும், வவுனியா, மன்னார்ப் பங்குகள் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. அவசரப்பட்டு மணியை மேலே ஏற்றிவிட்டு ஆசீர்வாதத்துக்கு நாள் குறிப்பவர்களும் உண்டு. தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுபவர் மணியைச் சுற்றி வர வேண்டும். ஆகவே அன்று அது கீழே, அடித்துப் பார்க்கக்கூடிய உயரத்தில் தொங்கட்டும். பாரந்தூக்கியை அடுத்த நாளுக்குச் சொல்லிவையுங்கள்.