செஸ்னா 172 ஓட்டிப் பழக: கைக்கு முன்னால் காலைப் பழக்குங்கள்

பரங்கிமலை மேலே நின்றுகொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எது ஏர்பஸ், எது போயிங் என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில்தான், பழைய லேப்டாப்பில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஏற்றிய முதல் நாளே, சென்னை ஓடுபாதையில் செஸ்னா என்ற சிறிய விமானம் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜின் விசையைக் கூட்டுகிற த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினேன், உருண்டது. இடது பக்கம் வழி பிரிந்தது, ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தேன், விமானம் அது பாட்டுக்கு நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. மூன்று முறை இப்படி. ஜாய்ஸ்டிக்தான் பழுது என்று வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டரை எப்படி ஏற்றுவது, ஜாய்ஸ்டிக்கை எங்கே செருகுவது என்பதெல்லாம் இங்கே இல்லை, அதை நீங்களே செய்துவிடுவீர்கள். எனக்கு மாதக்கணக்கில் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு, கால் பெடலை எப்போது, எதற்கு அழுத்துவது என்பது, அதைத்தான் நிதானமாகச் சொல்லப்போகிறேன்.

எதில் பழகுவது

செஸ்னா 172, வேறு எதுவும் வேண்டாம். 1956 முதல் விற்பனையில் இருக்கிறது, 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. எடுத்த எடுப்பில் ஏர்பஸ் ஏ320 ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நீங்கள் பக்கவாட்டுக் குச்சியைச் சாய்த்தால், திருப்பத்துக்குத் தேவையான ரட்டரை (வாலில் நிமிர்ந்து நிற்கும் அசையும் பலகை, கால் பெடலால் இயங்குவது) கணினியே போட்டுக்கொள்ளும். உங்கள் தப்பு உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

சிமுலேட்டரில் ஃபிளைட்கியர் இலவசம், திறந்ததும் அதில் வந்து நிற்பதே செஸ்னா 172தான். கணினி வலுவாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 அல்லது எக்ஸ்-பிளேன். கருவி என்று வந்தால் தண்டைத் திருகினால் ரட்டர் அசைகிற ஜாய்ஸ்டிக் ஒன்று வேண்டும். என்னிடம் இருப்பது லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ, ஆரம்பத்துக்குத் தாராளம். அப்புறம் பணம் சேர்ந்தால் எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது யோக், அதாவது விமானி கையில் பிடிக்கிற ஸ்டியரிங் போன்ற பிடி, பார்க்க நிஜ விமானம் மாதிரியே இருக்கும் என்று. என்னைக் கேட்டால் முதலில் கால் பெடல்தான் வாங்க வேண்டும். ஏன் என்று கீழே படித்தால் புரியும். கீபோர்டில் மட்டும் பழகாதீர்கள், ஒரு தட்டுக்கு ஒரு குலுக்கல் என்று கை கெட்டுப்போகும்.

தரையில்: கையை மடியில் வையுங்கள்

யோக் ஸ்டியரிங் போலத் தெரிந்தாலும் அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது விமானத்தைச் சாய்க்கிற இறக்கை ஓரத்து ஏலரான் பலகைகளையும், மூக்கை ஏற்றி இறக்குகிற வாலிலுள்ள எலிவேட்டர் பலகையையும் மட்டும்தான் அசைக்கும். முன்சக்கரம் கால் பெடலோடுதான் இணைந்திருக்கிறது. இடது பெடலை அழுத்தினால் இடது. பெடலால் மட்டும் சக்கரம் பக்கத்துக்குப் பத்து பாகை அளவுதான் திரும்பும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பெடலின் மேல் பாகத்தை முன்பாதத்தால் அழுத்தி அந்தப் பக்கத்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும், அப்போது முப்பது பாகை வரை போகும்.

என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று அளவில் இருக்கட்டும், ஒருவர் வேகமாக நடக்கிற வேகம் போதும். கையை மடியில் வைத்துக்கொண்டு (திருகு ஜாய்ஸ்டிக் என்றால் தண்டைச் சாய்க்காமல் திருக மட்டும் செய்து) ஓடுபாதையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடுக்கோட்டிலேயே போய் வாருங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். பெரிய விமானங்களில் இதற்கென்றே டில்லர் என்று கைக்கடக்கமான ஒரு பிடி இருக்கிறது. ஏ320 இல் அது முன்சக்கரத்தை 75 பாகை வரை திருப்பும், பெடலால் 6 பாகைதான்.

புறப்பாடு: வலது கால்

த்ராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள். உடனே மூக்கு இடது பக்கம் இழுக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே இருந்து பார்த்தால் மூக்கிலுள்ள விசிறி கடிகாரச் சுற்றாகச் சுற்றுகிறது, அது தள்ளுகிற காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடது பக்கத்தில் அடிக்கிறது, வால் வலமாகப் போனால் மூக்கு இடமாகத்தானே வரும். ஆகவே வலது பெடல். வேகம் 55 நாட் (விமான வேகத்தின் அலகு) வந்ததும் யோக்கை மெல்ல இழுங்கள், மேலே போனதும் 74 நாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடிக்கும் வரை வலது கால் ஓய்வு கேட்கக் கூடாது, மூக்கு தூக்கியிருக்கும்போது இந்த இழுப்பு இன்னும் கூடும்.

திருப்பம்: நான் மாட்டிக்கொண்ட இடம்

காரில் வளைவு முடிகிற வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருப்போம். விமானம் அப்படி இல்லை. யோக்கை இடது பக்கம் திருப்பினால் அது சாயத் தொடங்கும், திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தால் சாய்ந்துகொண்டே போகும். வேண்டிய அளவு சாய்ந்ததும் யோக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், சாய்வு அப்படியே நிற்கும். இறக்கை மேல்நோக்கித் தூக்குகிற விசை இப்போது சரிந்து பக்கவாட்டிலும் இழுக்கிறது, அந்த இழுப்புதான் விமானத்தைத் திருப்புகிறது. தூக்குவதில் ஒரு பங்கு இதற்குப் போய்விடுவதால் உயரம் இறங்கப் பார்க்கும், யோக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இதில் ரட்டருக்கு என்ன வேலை? இடப்பக்கம் சாய்க்கும்போது வலது இறக்கையின் ஏலரான் கீழே இறங்குகிறது. அந்த இறக்கை அதிகம் தூக்குகிறது, கூடவே காற்றில் அதிகம் இழுபடவும் செய்கிறது. ஆகவே இடப்பக்கம் போகச் சொன்னால் மூக்கு முதலில் வலப்பக்கம் முறைக்கும்! அதை அடக்கத்தான் சாய்க்கிற அதே நேரத்தில் இடது பெடல்.

இது எனக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்றால், ஃபிளைட்கியரை விட்டு மைக்ரோசாஃப்டுக்கு மாறியபோது அதன் உதவிகள் பட்டியலில் ஆட்டோ ரட்டர் இயக்கத்தில் இருந்தது. எல்லாம் சரியாக ஓட்டுகிறேன் என்று மிதப்பில் இருந்தேன். பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியில் காசு கட்டி, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, நிஜமான 172 இல் பத்து நிமிடம் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. முதல் திருப்பத்திலேயே இருக்கையோடு உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. அவர் என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, ரெண்டு காலும் தூங்குதா?” வீட்டுக்கு வந்ததும் முதலில் ஆட்டோ ரட்டரை அணைத்தேன். நீங்களும் அணையுங்கள். எக்ஸ்-பிளேனில் ரட்டருக்கு எந்த அச்சையும் ஒதுக்காமல் விட்டால் அதுவே சமாளித்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

அசடு வழிந்தது நான் மட்டும் இல்லை. ரைட் சகோதரர்களே 1901 கிளைடரில் இதே இடத்தில்தான் குழம்பினார்கள்: இறக்கையை முறுக்கித் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் போனது. 1902 இல் வாலில் அசையும் ரட்டரை வைத்து அதை முறுக்கும் கம்பியோடு கோத்த பிறகுதான் வழிக்கு வந்தது. 1905 இல் மறுபடி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

கால் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கருவிப் பலகையில் திருப்பம் காட்டும் கருவிக்கு அடியில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புக் குண்டு இருக்கும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் மாதிரிதான், அங்கே குமிழி, இங்கே குண்டு. குண்டு நடுவில் நிற்க வேண்டும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துப் பெடலை அழுத்துங்கள், அவ்வளவுதான் சூத்திரம்.

பழக இரண்டு பயிற்சி. 3,000 அடிக்கு ஏறி, எதிரே தொடுவானத்தில் ஒரு குன்றையோ மேகத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். இருபது பாகை இடது, உடனே இருபது பாகை வலது என்று மாற்றி மாற்றிச் சாய்க்க வேண்டும், மூக்கு அந்தக் குன்றை விட்டு நகரக் கூடாது. எனக்கு இது வர பத்து நாள் ஆனது. அடுத்தது, திருப்பம் காட்டும் கருவியிலுள்ள குட்டி விமானத்தின் இறக்கை கீழ்க்கோட்டைத் தொடும்படி சாய்த்து ஒரு முழு வட்டம் அடியுங்கள். விநாடிக்கு 3 பாகை, வட்டம் முடிய சரியாக 2 நிமிடம். கையில் கடிகாரத்தோடு செய்யுங்கள்.

பெடல் பிடிபட்டதும் இன்னொரு கெட்ட பழக்கம் வரும், காலாலேயே திருப்பத்தை இழுப்பது. இறங்கப்போகும் கடைசித் திருப்பத்தில் வேகம் குறைவாக இருக்கும்போது அப்படி இழுத்தால் ஒரு இறக்கை மட்டும் தூக்குவதை நிறுத்தி விமானம் சுழலத் தொடங்கும், மீள உயரம் இருக்காது. நிஜத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

உயரமும் வேகமும், சுருக்கமாக

சிறிய விமானத்தில், முக்கியமாக இறங்கும்போது, மூக்கால் வேகத்தையும் த்ராட்டிலால் உயரத்தையும் பாருங்கள். 65 நாட் வேண்டும், 75 காட்டுகிறது என்றால் மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள். பாதைக்குக் கீழே போகிறீர்கள் என்றால் த்ராட்டிலைக் கூட்டுங்கள். இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, எனக்கு இப்படிப் பழகியதுதான் எளிதாக இருந்தது. வேண்டிய வேகம் வந்ததும், யோக்கை விடாமல் பிடித்திருக்க வேண்டியதைத் தவிர்க்கிற டிரிம் சக்கரத்தை உருட்டிக் கைப்பளுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிரிம்மை வைத்து மூக்கைத் தூக்காதீர்கள்.

பின்சேர்க்கை: “குண்டே இல்லையே” என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மைக்ரோசாஃப்ட் 2020 இன் அடிப்படைப் பதிப்பில் வருவது திரை வைத்த ஜி1000 வகை 172, கடிகார முகப்புக் கருவிகள் உள்ளது டீலக்ஸ் பதிப்பில்தான் வருகிறது. திரையில் மேலே சாய்வைக் காட்டும் முக்கோணத்துக்கு அடியில் ஒரு சின்னப் பட்டை தெரியும், குண்டுக்குப் பதில் அதுதான். பட்டை இடது பக்கம் நகர்ந்தால் இடது பெடல்.

இன்னொன்று, திருகு ஜாய்ஸ்டிக்கில் ரட்டர் போடும்போது கை தன்னையறியாமல் தண்டைச் சாய்த்தும்விடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், எனக்கும் நடந்தது. அமைப்புகளில் நடுப்பகுதியில் கொஞ்சம் செயலற்ற இடைவெளி வைத்து, ரட்டரின் உணர்திறனையும் குறைத்தால் ஓரளவு சரியாகும். முழுக்கச் சரியானது பெடல் வாங்கிய பிறகுதான்.