முன்னாள் மாணவர்களுடன் நான்கு வார இணையவழிப் பணி: அமைக்கும் முறை

மதுரையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியிலும் 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாக நிறுவப்பட்ட இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் பணியாற்றுகிறார்கள். அவர்களை ஆண்டுக்கொரு முறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, மாணவர்களோடு இணையவழியில் ஒரு சிறு பணியைச் செய்ய வைப்பது பயனுள்ளது என்பது என் கருத்து.

முதலில் பணியின் எல்லையை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். 'விற்பனையில் உதவி' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் விளங்காது; 'சுங்குடிச் சேலைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளை வகைப்படுத்தி, அடிக்கடி கேட்கப்படும் இருபதுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விடை எழுதுதல்' என்று எழுதினால், மாணவர் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம். வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிய பிறகே அந்தச் செய்திகளை மாணவரிடம் கொடுக்க வேண்டும்.

குழுவுக்கு நால்வர் போதும். படிப்பை முடித்து வேலை தேடும் ஒருவரும் அதில் இருக்கட்டும். வழிகாட்டியாக வரும் முன்னாள் மாணவர் கலிஃபோர்னியாவில் இருந்தால், நமக்குக் காலை 8 மணி என்பது அவருக்கு முந்தைய நாள் மாலை 7.30, குளிர்காலத்தில் 6.30. பருவத்தேர்வு வாரங்களையும் சித்திரைத் திருவிழாவையும் தவிர்த்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டம் வைத்தால் திரையில் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள்.

பெரியவர் முன் சந்தேகம் கேட்க நம் மாணவர்கள் தயங்குவார்கள். ஆகவே, அரைகுறையாக நிற்கும் வேலையையே ஒவ்வொரு வாரமும் திரையில் காட்டச் சொல்லி, அங்கிருந்து பேச்சைத் தொடங்குமாறு வழிகாட்டியிடம் முன்கூட்டியே கூறுங்கள்.

சான்றிதழில் 'பங்கேற்றார்' என்று மட்டும் எழுதாமல், மாணவர் செய்த வேலையை இரண்டு வரிகளில் குறிப்பிட்டு, வழிகாட்டியின் கையொப்பத்தையும் பெற்றுக்கொடுங்கள்.