காகசஸ் ஊற்று ஊர்கள்: 1803க்கு முன்னாலிருந்து பார்க்க ஒரு வழி

தெற்கு ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோலில் மருத்துவம் படித்த ஆறு வருடமும், லீவு கிடைத்தால் நான் ஓடியது காகசஸ் மலையடிவாரத்து மருத்துவநீர் ஊற்று ஊர்களுக்குத்தான். பியாதிகோர்ஸ்க், ஜெலெஸ்னவோத்ஸ்க், யெசென்துகி, கிஸ்லவோத்ஸ்க் என்று நான்கு ஊர்கள். மின்சார ரயிலில் நான்கையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஊருக்கு ஒரு நாளாவது கொடுங்கள்.

அங்கே எல்லோரும் கதையை 1803இல் தொடங்குவார்கள். முதலாம் அலெக்சாந்தர் பேரரசர் இந்த ஊற்றுகளை அரசு பேணவேண்டியவை என்று ஆணையிட்ட வருடம் அது. நீங்கள் அதற்கு முன்னாலிருந்து தொடங்குங்கள். பியாதிகோர்ஸ்கில் இறங்கியதும் மாஷூக் மலைச்சரிவில் இருக்கும் பாறைக் குழிகளுக்குப் போங்கள். 'வெட்கங்கெட்ட குளியல்' என்பது அவற்றுக்கு ஊரார் வைத்த பெயர். கந்தக வாடையோடு வெந்நீர் வழிந்துகொண்டிருக்கும், சனங்கள் இன்றும் காசில்லாமல் இறங்கி உட்காருகிறார்கள். ஊற்றுநீர் மண்டபங்கள் எழும்புவதற்கு முன்னால் வைத்தியம் இப்படித்தான் நடந்திருக்கும். காலை நனைத்துவிட்டு, அப்புறம் கீழே இறங்கி பெர்னர்தாத்ஸி சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்கள் கட்டிய பழைய கட்டடங்களைப் பாருங்கள். ரஷ்யக் கவிஞர் லெர்மந்தவ் 1841இல் துவந்த யுத்தத்தில் சுடப்பட்டு இறந்ததும் இந்த மலையடிவாரத்தில்தான்.

ஜெலெஸ்னவோத்ஸ்க் என்றால் இரும்புநீர் ஊர். 1810இல் டாக்டர் ஹாஸ் இந்த ஊற்றுகளைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அவரை அங்கே கூட்டிப்போனவர் கபர்தியர் என்ற உள்ளூர் இனத்துப் பிரபு ஒருவர். உள்ளூர்க்காரர்களுக்கு முன்பே தெரிந்த நீர் அது! ஹாஸ் செய்தது அதை எழுதி உலகுக்குச் சொன்னது. அதுவும் பெரிய காரியம்தான்.

யெசென்துகியில் எண்களைக் கவனியுங்கள். 1823இல் வந்த நெல்யூபின் என்ற மருந்தியல் அறிஞர் ஊற்றுகளுக்கு வரிசை எண் போட்டார். பாட்டிலில் இன்றும் இருக்கும் 4, 17 எல்லாம் அவர் போட்டவை. முதலில் 4ஐக் குடியுங்கள். 17 உப்பு மிகுந்தது, அதை மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். முதல் வருடம் நான் இரண்டு டம்ளர் 17ஐ மடமடவென்று குடித்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீரை வாய்வாயாக, மெதுவாகக் குடிப்பதுதான் அங்கே முறை.

கிஸ்லவோத்ஸ்கைக் கடைசிக்கு வையுங்கள். அங்குள்ள நீரின் பெயர் நர்ஸான். மலைமக்களின் பழங்கதை வீரர்களான நார்த்துகளின் பானம் என்று பொருள். எனக்கு இந்த நான்கு ஊர்களிலும் பிடித்த சொல் இதுதான். ஊரின் பெயர் ரஷ்யமொழியில் இருந்தாலும் நீரின் பெயர் மலைமக்களுடையதாகவே நின்றுவிட்டது. உப்டன் என்ற ஆங்கிலேயர் 1858இல் கட்டிமுடித்த மண்டபத்தில், கண்ணாடிக்கு அடியில் ஊற்று கொப்பளிப்பதைக் காணலாம். கொஞ்சம் தள்ளி 1903இல் எழுந்த குளியல் மாளிகை இருக்கிறது, அதை இந்தியப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் அந்த வளைவுகளைப் பார்த்து நெகிழ்ந்து நின்றிருக்கிறேன். 1894இல் ரயில் வந்தபின் கூட்டம் பெருகியது. 1919இல் லெனின் அரசு இந்த இடங்களை நாட்டுடைமையாக்கியது. பிறகு தொழிலாளர்களும் சானடோரியங்கள் எனப்படும் சிகிச்சை விடுதிகளில் தங்கத் தொடங்கினார்கள்.

நர்ஸானை மண்டபத்திலேயே நின்று குடித்துவிடுங்கள். நான் ஹாஸ்டலுக்குப் பிடித்துப்போன நீரில், மறுநாள் பொங்கிவரும் குமிழிகளும் இல்லை, அந்தச் சுருக்கென்ற சுவையும் இல்லை.