வலி மாத்திரையோடு தூக்க மாத்திரை: செய்யக்கூடாத தவறுகள்

முதுகுவலிக்கு ஒரு டாக்டர் எழுதிய டிரமடால், தூக்கம் வரவில்லையென்று இன்னொருவர் எழுதிய அல்பிரசோலம். இரண்டுமே டாக்டர் கொடுத்ததுதானே என்று ஒரே ராத்திரியில் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். தவறுகளில் மிக ஆபத்தானது இதுதான்.

ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது 'மூச்சை இழு' என்று உத்தரவிடுவது மூளைத்தண்டு. டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலியுணர்வை அடக்குவதோடு அந்த உத்தரவையும் மழுங்கடிக்கின்றன. அல்பிரசோலம், டயசெபம் போன்றவை வேறு வழியில் வருகின்றன; நரம்புகளை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடுகின்றன. மதுவும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. தனித்தனியாகத் தாங்கக்கூடிய அளவுகள்கூட ஒன்றுசேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடலாம். இந்த இருவகை மாத்திரைகளையும் சேர்ப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. அதனால் புது டாக்டரிடம் போனால், ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, 'அசந்து தூங்குகிறார், விட்டுவிடுவோம்' என்று நினைப்பது. தட்டி எழுப்பியும் எழவில்லை, தொண்டையில் கரகரவென்று சத்தம், உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் அது தூக்கமே இல்லை. உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அது தூக்க மாத்திரையையோ மதுவையோ முறிக்காது.

பல வாரம் சாப்பிட்ட தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. மருந்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, அது திடீரென இல்லாமல் போனதும் அளவுக்கு மீறித் தூண்டப்படும், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: ஓபியாய்டை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி பழைய அளவிலேயே தொடங்குவது. அதற்குள் உடல் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். போதை மீட்புச் சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் இப்படித்தான் உயிரை விடுகிறார்கள்.

டிரமடால் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாக இன்னொன்று போட்டால் கணக்கு தப்பிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும், முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் தெரியாமலே.

டேபென்டடாலைக் கரைத்து ஊசியாகப் போடும் இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் அடிக்கடி செய்தி வருகிறது. மாத்திரையில் உள்ள கரையாத துகள்கள் நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். வீட்டில் யாராவது இதில் சிக்கியிருந்தால் அடிப்பதோ அறையில் பூட்டி வைப்பதோ வேண்டாம். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கிறது.